மரக்கலர் கிட்டார்

அவளை அவசரப்படுத்த யாராலும் முடிந்ததில்லை. எதைக் கேட்டாலும் முதலில் "யோசிச்சிகினு கீறேன்" என்பாள். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நழுவப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அவள் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் யார் என்ன யோசனை சொன்னாலும் முழுவதும் கேட்பாள், குறுக்கே பேசமாட்டாள், தலையை ஆட்டிக்கொள்வாள். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, "கேட்டுக்கினேன். செய்யறத நான் செய்றேன்" என்று அனுப்பி வைப்பாள். பிறகு ஒருநாள் காரியம் முடிந்திருக்கும். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

நாங்கள் இரண்டு பேரும் வண்ணாரப்பேட்டையில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தோம். நான் பாடுவேன். அவள் கிட்டார். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்தக் கடை வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடிப் பழகி அங்கிருந்து கல்யாண மேடைக்கு வந்தவள் நான். அவள் காசிமேட்டுக்காரி. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா விடிவதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்து விற்று அவளை வளர்த்தார். பகலில் அவளுக்கு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸ் வேலை. உள்ளே வரும் லாரியில் கன்டெய்னர் கதவுக்குப் போட்டிருக்கும் சீல் நம்பரைத் தன் கண்ணால் பார்க்காமல் விடமாட்டாள். பின்னால் நிற்கும் லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தாலும் நிதானமாக இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். "ஹாரன் அடிச்சா நம்பர் மாறிடுமா" என்பாள்.

அவளை நான் முதலில் பார்த்தது ஒரு ரிசப்ஷனில். எங்கள் வழக்கமான கிட்டார்க்காரருக்கு உடம்பு சரியில்லை என்று மாஸ்டர் எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். மாஸ்டர் என்றால் குழுவை நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பவர். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வந்து ஒரு பாட்டைக் கேட்டார். கிட்டாரில்தான் ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு. மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அது எனக்கு வராது மாஸ்டர். வேற எது வேணா சொல்லுங்கோ."

"சமாளிச்சிடு மா. நான் கீபோர்டுல இழுத்துக்கறேன்."

அவள் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து, "சாரி சார், அந்தப் பாட்டு நான் இன்னும் கத்துக்கல. அடுத்த பாட்டு போறோம்" என்று மண்டபத்துக்கே சொல்லிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்த பாட்டோ தெரியாத பாட்டோ, கேட்டவுடன் தலையாட்டிவிட்டு ஹம்மிங்கில் ஒப்பேற்றுவதுதான் நான் அதுவரை செய்து வந்தது. மாஸ்டர் முகம் கறுத்துப்போனது. அடுத்த முகூர்த்தத்தில் யாரும் கேட்காமலேயே அவள், "அன்னிக்கி கேட்டாரே அந்தப் பாட்டு, அத்த போடலாம் மாஸ்டர்" என்றாள். வாசித்தாள். அதற்குப் பிறகு பழைய கிட்டார்க்காரரை மாஸ்டர் கூப்பிடவில்லை.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம். அவள் உடனே மறுக்கவில்லை. பையனோடு பேசினாள். அவர்கள் வீட்டுக்கு அம்மாவோடு போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒத்துக்கொண்டாள் என்றே தெருவில் பேச்சு. பிறகு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"ஏண்டீ, பையன் நல்லாத்தானே இருந்தான்?" என்றேன்.

"அவன் நல்லவன்தான். அந்த வூட்ல எல்லாரும் கத்தித்தான் பேசறாங்கோ. டிவி ஓடுது, அதுக்கு மேல கத்தறாங்கோ. எனக்கு காது வேணும்."

சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுடைய கிட்டாரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் மேடையில் பார்க்கிற எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் கறுப்பு, சிவப்பு, இல்லையென்றால் பளபளக்கிற நீலம். அவளுடையது பெயின்ட் அடிக்காதது. வெறும் மரத்தின் மேல் பாலிஷ். தேன் நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தி. ரேகை ரேகையாக ஓடி, கீழ்ப்பக்கம் ஒரு கணுவைச் சுற்றிக்கொண்டு போகும். வலது முழங்கை படுகிற இடத்தில் பாலிஷ் போய், மரம் தொடுவதற்குத் துணி மாதிரி இருக்கும். ராயபுரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போன ஒரு பெரியவரிடம் வாங்கியது. அதை வாங்குவதற்கு முன்னால் பல தடவை போய்ப் போய் வாசித்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பி வந்திருக்கிறாள். வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் சொன்னதற்கு, "போனா போவட்டும் சார். தெரியாம எடுத்துகினு போயி வூட்ல வெச்சி பேஜாராவறதுக்கு அது தேவலாம்" என்றாளாம். கடைசியில் அவரே போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் அதை மரக்கலர் கிட்டார் என்போம்.

அதற்கு வினை வந்தது ஓர் ஆடி மாதத்துக்கு முன்னால். எங்கள் பக்கம் ஆடி என்றால் தெருவுக்கு ஒரு அம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு மேடை. வருடம் முழுக்க வாசிப்பதைவிட அந்த ஒரு மாதத்தில் அதிகம் வாசிப்போம். அந்த வருடம் மாஸ்டர் குழுவையே புதுசாக்கினார். பின்னால் பெரிய எல்இடி திரை, எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு, எனக்கு வெள்ளை லெஹங்கா. கீபோர்டு ஸ்டாண்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டார். மிச்சம் இருந்தது அவள் கிட்டார்தான்.

"இது பாக்கறதுக்கு கட்டில் கால் மாதிரி கீது. வெள்ள பெயின்ட் அடிச்சிடு. செலவு என்னுது" என்றார் மாஸ்டர்.

"யோசிக்கிறேன் மாஸ்டர்."

அவள் யோசிக்க ஆரம்பித்தாள், நாங்கள் எல்லோரும் பேச ஆரம்பித்தோம். பெயின்ட் மரத்தை மூடிவிடும், சத்தம் செத்துப்போகும் என்றார் டிரம்மர். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அதெல்லாம் கட்டுக்கதை, எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் கம்பியிலிருந்தும் ஆம்ப் ஸ்பீக்கரிலிருந்தும்தான் வருகிறது என்றார். இரண்டு பேரையும் அவள் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது வெள்ளை சார்ட் பேப்பரைக் கிட்டார் வடிவத்துக்கு வெட்டி மரத்தின் மேல் ஒட்டி, மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள்.

"எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்கு. கோட்டுக்குப் பொருத்தமா இருக்கும்."

"ம்." காகிதத்தைப் பிரித்தாள். மரத்தில் ஒட்டியிருந்த பசையைத் தாவணித் துணியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ரிகர்சலில் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள். "பெயின்ட் அடிக்கல மாஸ்டர்."

"ஏன்?"

"எனக்கு வேணாம்."

"மேட என்னுது மா. ஆடிக்கு நான் வேற ஆள் பாத்துக்கினா அப்பறம் என்னக் கேக்கக்கூடாது."

"பாத்துக்கோங்கோ மாஸ்டர்" என்றாள். கோபம் எதுவும் இல்லை. ஒயரைச் சுருட்டி உறையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நான் வாசல் வரை போனேன். நானும் வரவில்லை என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். "உன்ன யாரு பெயின்ட் அடிக்க சொன்னாங்கோ? போய் பாடு" என்றாள்.

அந்த ஆடியில் வெள்ளை கிட்டாரோடு ஒரு புது ஆள் வந்தான். நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் நான் சரணத்தை ஒரு வரி முன்னால் எடுத்துவிட்டால் அவன் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். அவள் இருந்தபோது நான் தப்பு செய்ததே எனக்குத் தெரியாது. அவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்துகொள்வாள்.

அவளுக்கு மேடை இல்லாமல் போகவில்லை. அவள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று சாயங்காலம் ஏரியா பையன்கள் சேர்ந்து பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். காசு இல்லை, வெள்ளைக் கோட்டு இல்லை. அவள் போய் வாசித்தாள். அன்றைக்குத்தான் அவள் அம்மா முதன்முதலாக அவள் வாசிப்பதைப் பார்க்க வந்தார். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர் அதுவரை எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லை. அந்த வருடம் சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது. வியாபாரத்தை நிறுத்தியாயிற்று. மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது போனதுதான் என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு மிச்சம் என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கச்சேரி எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சத்தம் நல்லா கேட்டுச்சி கண்ணு. எல்லாரு கையிலயும் ஏதோ இருந்துச்சி. இவ கையிலதான் ஒண்ணியும் காணோம். சும்மா வயித்தத் தடவிகினு நின்னா."

"கிட்டார் இருந்துச்சே மா" என்றாள் அவள்.

"நான் பாக்கலியே. அங்க நீதான் இருந்த."

அவள் பழுப்பு நிறச் சுடிதார் போட்டிருந்தாள். அவள் நிறமும் மாநிறம். மஞ்சள் லைட்டில் கையும் துணியும் மரமும் ஒன்றாகிப் போயிருக்கின்றன. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாள் கழித்து என்னை வரச்சொல்லிப் போன் செய்தாள். போனால் தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பந்தல்காரரிடமிருந்து ஒரு ஃபோகஸ் லைட்டைக் கேட்டு வாங்கி எதிர்வீட்டு ஜன்னலில் கட்டியிருந்தாள். அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில். அவள் தெருக்கோடியில், அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் குடங்களோடு. ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் கேட்பது என் வேலை.

"இப்ப என்ன தெரியுது மா?"

"ஏதோ கறுப்பா கீது." அது சிவப்புக் குடம்.

நீலத்துக்கு, "ஒண்ணியும் இல்ல" என்றார். பச்சைக்கும் அதே. வெள்ளைக் குடத்தை எடுத்தபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "எல்லாம் வெளுப்பா பூத்துகினு கீது. எது இவ, எது குடம்னு தெர்ல."

ஆரஞ்சு குடத்தைக் காட்டியதும் கொஞ்சம் முன்னால் குனிந்தார். அதற்கடுத்ததற்கு யோசிக்கவே இல்லை. "மஞ்ச. மஞ்ச கொடம். அது எதிர்வூட்டுக்காரி கொடமாச்சே. அவ தண்ணி புடிக்க தேடிகினு இருப்பா, குட்த்துடு."

அவள் வரிசையை மாற்றி மாற்றி மறுபடியும் காட்டினாள். அம்மா ஒவ்வொரு தடவையும் மஞ்சளைச் சரியாகச் சொன்னார். எதற்காக இதெல்லாம் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. "எனுக்கு வேற வேல இல்ல பாரு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. தெருக்கோடிக்கு ஓடினேன். "நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டா மரம் எடுப்பாத் தெரியுமேடீ."

"நேத்தே போட்டு பாத்துட்டேன். சட்டையில கறை கீதுன்னு அம்மா சொல்லுது."

"ஸ்டிக்கர் ஒட்டிக்கோ."

"கேட்டுக்கினேன்" என்றாள்.

அடுத்த வாரம் திருவொற்றியூர் ஹைரோட்டில் லாரிகளுக்கு டிங்கரிங் பெயின்டிங் செய்கிற ஒரு ஷெட்டில் அவளைப் பிடித்தேன். கம்பி, பிக்கப், கழுத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாலிஷ் தூள் அவள் முட்டியெல்லாம் படிந்திருந்தது. பெயின்டர், வயதானவர், ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"நல்ல மரம் மா இது. மேல பட்டி வெச்சி அடிச்சிட்டா அவ்ளோதான். அப்பறம் சுரண்டி எட்த்தாலும் இந்த கலரு வராது. இன்னொரு வாட்டி யோசிச்சிக்கோ."

"யோசிச்சிட்டேன் ணா."

எனக்குக் கோபம் வந்தது. "மாஸ்டர் கேட்டப்ப முடியாதுன்னு சொல்லி ஆடியும் அதுவுமா வீட்ல உக்காந்த. இப்ப நீயே தேய்க்கிற. அவர் கேட்டா சிரிப்பாரு."

"சிரிக்கட்டும்."

"இந்த மரத்துக்காகத்தானே அவரை விட்டுட்டு வந்த?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "அவுருக்கு பின்னால கீற டிவிக்கு மேட்சா வேணும். அதுக்கு இத்த குட்க்க முடியாது. எங்கம்மாவுக்கு கண்ணு போய்கினு கீது. நான் இன்னா பண்றேன்னு அது ஒரு வாட்டியாவது பாக்கணும். அதுக்கு குட்க்கலாம்." மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். கணு இருந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை அது கடினமான இடம் என்பதால் இருக்கலாம்.

பெயின்ட் காய்ந்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கம்பி கட்டி, அவள் வீட்டில் ஆம்ப்பில் போட்டபோது நானும் இருந்தேன். கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு அடித்துவிட்டு, அது முழுசாக அடங்கும் வரை காதைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தாள். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"கொஞ்சம் போயிட்ச்சி" என்றாள்.

"எனக்கு அப்படியேதான் இருக்கு."

"எனக்கு தெரியுது. பரவால்ல."

அதோடு சரி. நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு வரும் வரை அந்தக் குழுவில் அவளோடு இருந்தேன். அந்த மரத்தைப் பற்றியோ போன சத்தத்தைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அடுத்த வருடமே அம்மாவுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அப்போதும் பேசவில்லை.

மாஸ்டருக்கு விஷயம் எட்டியதும் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல? சரி, வந்துடு. கடைசி வாரம் நாலு மேட கீது."

"மஞ்ச கலர் மாஸ்டர்."

"மஞ்சளா? ஆட்டோ மாதிரியா?"

"ஆமா. வந்தா இத்தோடதான் வருவேன். நீங்க யோசிச்சி சொல்லுங்கோ."

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் புது ஆளோடு நாங்கள் எல்லோரும் பட்ட பாடு அவருக்கும் தெரியும். இரண்டு நாள் பொறுத்து, "ஓரமா நிக்க சொல்லு" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

காசிமேட்டில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் மேடை. சாயங்காலம். முன்வரிசையில் அம்மாவை உட்கார வைத்திருந்தோம். எங்கள் வெள்ளைக்கெல்லாம் ஓரத்தில், ஆம்ப் பக்கத்தில் அவள் அந்த மஞ்சளோடு நின்றாள். ஆண் பாடகர் தனியாகப் பாடும் பாட்டு வந்ததும் நான் இறங்கி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தெரியுதா மா?"

"மஞ்சளா ஒண்ணு தெரியுது கண்ணு. ஆனா அசைய மாட்டேங்குதே. சொவத்துல மாட்டி வெச்சாப்ல கீது. அவதான் வெச்சிகினு கீறாளா, இல்ல சும்மா ஜோடிச்சி வெச்சிகீறாங்களா?"

மேலே போய் என் பாட்டைப் பாடிவிட்டு, நடுவில் அவளிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கம்பியைச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது மறுபடியும் ஆண் பாடகரின் தனிப் பாட்டு. நான் இறங்கி வந்து உட்கார்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தனை வருடத்தில் அவள் ஆம்ப்பை விட்டு ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததில்லை. இடையிசை வந்தபோது நடந்தாள். ஆடவில்லை, குதிக்கவில்லை. லாரிக்கு சீல் பார்க்கப் போவது போல நிதானமாக, ஒயர் பின்னால் இழுபட, மேடையின் நடுவுக்கு வந்தாள். பாடகர் விலகி வழி விட்டார். மாஸ்டர் கீபோர்டிலிருந்து முறைத்தார். அவள் அந்தக் கோடி வரை போய், திரும்பி, கிட்டாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்விளிம்புக்கு வந்து நின்று வாசித்தாள்.

அம்மாவின் விரல் என் கையை விட்டுவிட்டு மேலே எழுந்தது. மஞ்சள் போகிற பக்கமெல்லாம் அதுவும் போனது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளைத் தொட்டுத் திருப்பினார்.

"அதோ, மஞ்சளா நடந்துகினு வருது பாரு," என்றார். "அது எம்பொண்ணு."